முகம் கழுவாமல் சொன்ன கனவு

பெரியம்மா முகம் கழுவாமல் எங்கள் ஓலைக் கொட்டிலுக்கு வெளியே வந்து நின்றால், அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரோ ஒருவரின் காரியம் கெட்டது என்று அர்த்தம். தலைமயிர் குலைந்திருக்கும். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் இழுபடும். வாசல் கப்புத் தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரும் கதையாதேங்கோ, நான் ஒரு கனவு கண்டனான்" என்பா. விடியற்காலைக் கனவை முகத்தில் தண்ணீர் படமுதல் சொல்லிவிட வேண்டும், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும் என்று எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. என் அம்மாவும் அப்படிச் சொல்லியிருக்கிறா. ஆனால் அந்த வழக்கத்தைப் பிடித்து ஒரு வீட்டையே ஆட்டிப்படைத்த ஆள் என் பெரியம்மாதான். இதை மரியாதை கெட்டுச் சொல்லவில்லை, கோபத்தில் சொல்கிறேன். இருபத்தைந்து வருஷம் கழிந்தும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. எனக்கு எட்டு வயதில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த பெரியம்மா, தன் ஒரே மகனையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து குசினியைப் பொறுப்பெடுத்தா. அந்த மகன்தான் எனக்கு அண்ணா. தொண்ணூறாம் ஆண்டு, சண்டை திரும்பத் தொடங்குகிற காலம், வள்ளத்து எஞ்சினுக்கு ஒரு சாமான் வாங்கவென்று அண்ணா வவுனியாவுக்குப் போனார். வழியில் சீருடை போட்டவர்கள் பஸ்ஸை மறித்து ஏழெட்டுப் பெடியன்களை இறக்கினார்கள். பஸ் திரும்பி வந்தது. இறக்கினவர்கள் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு கடிதம் இல்லை, ஒரு பிரேதம் இல்லை, "ஓம், நாங்கள்தான் கொண்டுபோனோம்" என்று சொல்ல ஒரு வாய் இல்லை. மனு எழுதிக் கொடுத்தோம். கொடுத்த இடத்தில் வாங்கி வைத்தார்கள். வாங்கி வைப்பதற்கென்றே சம்பளம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அந்த வயதிலேயே தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா கனவு காணத் தொடங்கினது அதற்குப் பிறகுதான். முதலில் பாவம் என்று கேட்டோம். பிறகு பயந்து கேட்டோம். கடைசியில், கேட்காமல் இருக்க வழியில்லை என்பதால் கேட்டோம். அப்பா வேறொரு சம்மாட்டியாரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போக நாள் பார்த்திருந்தார். வள்ளம் குப்புறக் கிடக்கக் கனவு கண்டா, அப்பா போகவில்லை. எங்கள் எஞ்சினை விற்க ஆள் வந்து விலையும் பேசி முடிந்த மறுநாள், எஞ்சின் மனிதக் குரலில் அழக் கனவு கண்டா, வந்த ஆள் திரும்பிப் போனான். தொண்ணூற்றாறில் கரையை விட்டு இடம்பெயர்ந்து விசுவமடுவில் ஒரு தென்னந்தோட்டத்து ஓரமாகக் கொட்டில் போட்டோம். முதல் மழைக்கே கூரைக் கிடுகு ஒழுகத் தொடங்கியது. ஒழுகாத மூலை ஒன்றே ஒன்றுதான். "அந்தோனியார் வந்து, இந்த மூலையிலை படு எண்டு கை காட்டினவர்" என்று அடுத்த நாளே ஒரு கனவு. அந்தோனியார் பாவம், தொலைந்ததைத் தேடிக் கொடுக்கிற தன் வேலையை விட்டுவிட்டு எங்கள் கொட்டிலில் ஆருக்கு எந்த மூலை என்று பங்கு பிரித்துக்கொண்டு நின்றார்!

கனவுக்குப் பொருள் சொல்வதிலும் அவா வைத்ததுதான் சட்டம். சாவைக் கண்டால் ஆயுசு கூடும், கலியாணத்தைக் கண்டால் இழவு விழும், வலை நிறைய மீன் கண்டால் வெறும் வலைதான் வரும். எல்லாம் தலைகீழ். அக்கம்பக்கத்துக் கொட்டில்களில் இருந்தெல்லாம் பெண்கள் வந்து கேட்டுப் போவார்கள். அவர்களுக்குப் பொறுமையாக இருந்து பலன் சொல்லுவா. எங்களுக்கு வரும்போது மட்டும் தலைகீழும் நேராகும், நேரும் தலைகீழாகும். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்ற கதைதான். நான் ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன், "அப்பா, உங்களுக்கும் கனவு வாறேல்லையே? நீங்களும் ஒண்டு சொல்லுங்கோவன்." அப்பா வெங்காயத் தோட்டத்துக் கூலிக்குப் போய் வந்த களைப்பில் இருந்தார். கடல் மனிதன், மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்திருந்தது. "எனக்கு வாற கனவுகளை ஆர் கேக்கிறது, பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இடம்பெயர்ந்த இரண்டாம் வருஷம் நான் காய்ச்சல் கிளினிக்கில் தொண்டராகச் சேர்ந்தேன். வன்னியில் அப்போது மலேரியா வராத வீடு இல்லை. வருகிறவர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, காயவைத்து, பேர் எழுதி அடுக்குவதுதான் என் வேலை. அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து என்ன காய்ச்சல் என்று சொல்லத் தெரிந்த ஆள் எங்களிடம் இல்லை. துண்டுகள் சைக்கிளில் வேறு இடத்துக்குப் போகும். முடிவு நாலாம் நாள் வரும், மழையென்றால் ஏழாம் நாள் வரும். மலைநாட்டில் இருந்து வந்து குடியேறி எங்களுக்குப் பக்கத்தில் தோட்டம் செய்த ஒரு குடும்பம். அவர்களின் ஐந்து வயதுப் பெண்பிள்ளையின் விரலை நான்தான் குத்தினேன். முடிவு வந்தபோது பிள்ளையைப் புதைத்து இரண்டு நாள். தாய் கிளினிக்குக்கு வந்து, "அந்தக் கண்ணாடியில என்னம்மா இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டா. அந்தத் துண்டை நான் தொட்டிருக்கிறேன், பேர் எழுதியிருக்கிறேன், வெயிலில் காயவும் வைத்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று பார்க்க மட்டும் எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஊசிப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல இருந்தது.

அதனால்தான், கிளினிக் பொறுப்பாளர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வவுனியாவில் இரத்தம் பார்க்கப் பழக்குகிற மூன்று மாதப் பயிற்சி ஒன்று இருக்கிறது, இங்கிருந்து ஒரு ஆள் போகலாம், உம்முடைய பேரை எழுதட்டோ என்று கேட்டபோது, அவர் சொல்லி முடிக்கமுதல் "ஓம்" என்றேன். வவுனியாவுக்குப் போவது அப்போது பக்கத்து ஊருக்குப் போவதுபோல இல்லை. இயக்கத்தின் இந்தப் பக்கத்திலும் பாஸ் எடுக்க வேண்டும், ஆமியின் அந்தப் பக்கத்திலும் எடுக்க வேண்டும். எப்படியோ இரண்டும் வந்தன. வெள்ளிக்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார்கள். திங்கட்கிழமை பின்னேரம் வீட்டில் சொன்னேன். பெரியம்மா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தா. வவுனியா என்ற சொல் அந்த வீட்டில் எட்டு வருஷமாக யாரும் வாயில் எடுக்காத சொல்.

செவ்வாய்க்கிழமை காலை, நான் எதிர்பார்த்தபடியே, முகம் கழுவாமல் வந்து நின்றா. என்னைப் பெட்டிக்குள் வைத்திருக்கக் கண்டாவாம். வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை, பெட்டியைச் சுமந்துகொண்டு வவுனியா ரோட்டால் ஆட்கள் போகிறார்களாம்.

"சாவு கண்டா ஆயுசு கூடும் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? அப்ப எனக்கு நூறு வயசு, போகலாம்" என்றேன்.

"அது சாமக் கனவுக்கு. விடியக்காலைக் கனவு நேராப் பலிக்கும்."

"எப்பவிருந்து, பெரியம்மா? நேற்றிலிருந்தே?"

"வாய் காட்டாதை. என்னட்டை இருந்ததும் அந்த ரோட்டாலைதான் போனது."

அப்பா குனிந்தபடி, "பிள்ளை, விடு. பெரியம்மா சொல்லுறா" என்றார். அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது. செத்த பிள்ளையின் தாய் கேட்ட கேள்வி, இரண்டு பாஸ், பொறுப்பாளர் எழுதின கடிதம், எல்லாம் ஒரு கிழவி கண்டதாகச் சொன்ன ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. கிணற்றடியில் உடுப்பை அடித்துத் துவைத்து இரண்டு சட்டைத் தெறியை உடைத்தேன். கோபத்தைவிட என்னை அரித்தது வேறொன்று. இந்த வீட்டில் நான் நியாயம் சொன்னால் கேட்க ஆளில்லை, அழுதால் கேட்க ஆளில்லை. கனவு என்றால் மட்டும் எல்லோரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். அப்படியென்றால் எனக்கும் ஒரு கனவு வேண்டும்.

புதன்கிழமை காலை, பெரியம்மா எழும்பி வரமுதல் நான் முகம் கழுவாமல் வாசலில் போய் நின்றேன். தலைமயிரைக் கையால் குலைத்துவிட்டுத்தான் நின்றேன், அதையும் ஏன் மறைப்பான்.

"நானும் ஒரு கனவு கண்டனான்" என்றேன்.

விறகு கொத்திக்கொண்டிருந்த அப்பா கோடாலியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியம்மா உள்ளேயிருந்து, "இவவும் வெளிக்கிட்டிட்டா" என்று ஒரு நக்கல் சிரிப்புச் சிரித்தா. அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் நான் ஒரு அந்தோனியார் கனவோடு நிறுத்தியிருப்பேன் என்று சில வேளை நினைப்பதுண்டு. இல்லை, அதுவும் பொய். என்ன சொல்வதென்று முதல்நாள் கிணற்றடியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

"அண்ணா வந்தவர்" என்றேன்.

பெரியம்மா வெளியே வந்தா.

"வவுனியாவிலை, பஸ் நிக்கிற இடம் மாதிரி இருந்தது. நான் இஞ்சைதானே நிக்கிறன், ஏன் இன்னும் ஒருத்தரும் என்னைப் பாக்க வரேல்லை எண்டு கேட்டவர்."

பெரியம்மா அப்படியே மண்ணில் இருந்துவிட்டா. அழவில்லை. பிறகு, கடையில் சாமான் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டா. மெலிஞ்சிருந்தவனே? தாடி விட்டிருந்தவனே? நெத்தித் தழும்பு தெரிஞ்சதே? என்ன உடுப்போட வந்தவன்? எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். கண் இமைக்காமல் சொன்னேன். இருபது வயது எனக்கு. கொலைகாரருக்குக்கூட முதல்தரம் கை நடுங்கும் என்பார்கள், எனக்கு நடுங்கவில்லை. அன்று பத்து மணிக்குள் பெரியம்மா தன் கையாலேயே என் பையைக் கட்டினா. அடியில் அண்ணாவின் படம் ஒன்றை, ஒரு சட்டைக்குள் சுற்றி வைத்தா. "போய்ப் பாத்திட்டு வா, மோனை" என்றா. படிச்சிட்டு வா என்று சொல்லவில்லை.

வவுனியாவில் நான் நன்றாகப் படித்தேன். முதல் கிழமையே நுணுக்குக்காட்டிக்குள் அந்தக் கிருமியைக் கண்டேன். சின்ன மோதிரம் மாதிரி, ஓரத்தில் ஒரு புள்ளி. அதைக் கண்ட நேரம் எனக்கு அந்தப் பெண்பிள்ளையின் விரல்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் பையின் அடியில் அந்தப் படம் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நிற்பேன். நானே இட்டுக்கட்டின கனவு, அதில் அண்ணா நின்ற இடத்தை நானே தேடிக்கொண்டு நிற்பேன்! இப்படி ஒரு விசரியை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஒருநாள் படத்தை எடுத்துக்கொண்டு ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படத்தைத் தொடக்கூட இல்லை. "கடைசியாக் கண்ட ஆள் ஆர்?" என்று கேட்டார். போன கிழமை கனவில் நான்தான் கண்டேன் என்று சொல்ல வாய் உன்னியது. எட்டு வருஷம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் அலைகிறீர்கள் என்றும் கேட்டார். அந்த மேசையைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் முடிந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி விசுவமடுவுக்குத் திரும்பி வந்தபோது, பெரியம்மா சந்தியில் நின்றா. எப்போதிருந்து நின்றாவோ தெரியாது. "கண்டியே?" என்றா. இல்லை என்றேன். தலையை ஆட்டினா. வீட்டுக்குப் பாதி வழி நடந்த பிறகு, "அதுக்குப் பிறகு கனவிலை வந்தவனே?" என்று கேட்டா. அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதோடு எல்லாம் முடிந்திருக்கும். நான் "ஓம்" என்றேன்.

பிறகு கிழமைக்கு ஒன்று வேண்டும் அவாவுக்கு. முன்புபோல முகம் கழுவாமல் அவா வருவது நின்றுபோனது. தன் கனவுகளையே சொல்லாமல் விட்டுவிட்டா. அப்பா எஞ்சினை விற்றார், ஒரு சொல் இல்லை. மழைக்கு ஒழுகாத மூலையை எனக்குத் தந்தா. வீட்டின் கனவுக்காரி இப்போது நான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பா. எனக்குப் பத்திக்கொண்டு வரும். கண்ட கனவென்றால் கண்டதைச் சொல்லலாம், காணாத கனவை மூன்று வருஷத்துக்கு முரண்படாமல் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். போன கிழமை என்ன சொன்னேன் என்று அவா நினைவு வைத்திருப்பா, நான் மறந்துவிடுவேன்.

சண்டை எல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை, எங்கள் பகுதிப் பெண்களுக்கென்று ஒரு மண்டபத்தில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தா. உங்கள் கனவுகளைக் கொப்பியில் எழுதுங்கள், அவை உங்களுக்கே சொந்தம், அவற்றைப் புரிந்துகொண்டால் வாழ்க்கையில் பயன் பெறலாம் என்று சிரித்த முகத்தோடு சொன்னா. ஆளுக்கொரு கொப்பியும் தந்தா. நல்ல பிள்ளை, அவவில் பிழை இல்லை. ஆனால் எனக்கு முன்வரிசையில் இருந்த ஐந்து பெண்களில் நாலு பேர் கையில் மகனின் படத்தை வைத்துக்கொண்டு இருந்தவர்கள். அவர்களுக்கு வேண்டியது கொப்பி இல்லை. ஒரு கேள்விக்குப் பதில். அந்தப் பதில் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், மூன்று நேரமும் சாப்பிடுகிறார்கள், நித்திரையும் கொள்கிறார்கள். அவர்களுக்கு என்ன கனவு வருகிறதென்று ஒருவரும் வகுப்பு வைத்துக் கேட்பதில்லை. நான் கொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். கனவால் பயன் பெறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் காணாத கனவாலேயே பயன் பெற்றவள். வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது, இன்றைக்கு நாலு பேர் மிஸ் என்று கூப்பிடுகிறார்கள்.

அந்த வகுப்புக்கு எத்தனையோ வருஷம் முதல், இரண்டாயிரத்தோராம் ஆண்டு, பெரியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. நடுப்பகல், கிளினிக் நிறைய ஆட்கள். மர வாங்கில் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்த அவாவின் விரலைப் பிடித்துக் குத்தினேன். இரத்தம் வரவில்லை, அமுக்கினேன். அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்தக் கிழமை ஒண்டும் சொல்லேல்லை நீ. வந்தவனே?" என்றா.

காலையிலிருந்து அறுபது விரல் குத்தியிருந்தேன். என்னால் முடியவில்லை.

"ஒருத்தரும் வரேல்லை! ஒருநாளும் வரேல்லை! எல்லாம் பொய், நான் வவுனியாவுக்குப் போகச் சொன்ன பொய். விளங்குதே உங்களுக்கு?" என்று கத்தினேன். வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியம்மா விரலை என் கையிலிருந்து இழுக்கவில்லை.

"பொய் எண்டு எனக்குத் தெரியாதே?" என்றா. "நானும் அதைத்தானே செய்தனான். நீங்களும் என்னை விட்டிட்டுப் போயிடுவியள் எண்ட பயத்திலை என்னென்னவோ சொன்னன். அவனைப் பற்றி மட்டும் என்ரை வாயிலை பொய் வரேல்லை. பதினொரு வருஷம் படுத்துப் பாத்தன் மோனை, எனக்கு அவன் ஒருக்காலும் வரேல்லை. தெரிஞ்சவங்கள் ஒருத்தரும் வாய் திறக்கிறாங்கள் இல்லை. நீதானே அவன் வந்தவன் எண்டு சொன்னனீ. சொல்லு, என்ன உடுப்போட வந்தவன்?"

இரத்தம் அப்போதுதான் ஒரு சொட்டு வந்தது. கண்ணாடித் துண்டில் பூசினேன்.

"வெள்ளைச் சேட்டு" என்றேன்.

"கை மடிச்சு விட்டிருந்தவனே?"

"ஓம். முழங்கை மட்டும்."

"அவன் எப்பவும் அப்பிடித்தான்" என்றுவிட்டுக் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தா. துண்டை நானே பார்த்தேன். மோதிரங்கள் தெளிவாக இருந்தன. பின்னேரமே மலேரியாக் குளிசை கொடுத்துவிட்டோம், பிழைத்துக்கொண்டா. அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தா, எல்லா அழிவையும் கண்டுவிட்டுத்தான் போனா. கடைசிக் கிழமைவரைக்கும் கேட்டா. நானும் கடைசிக் கிழமைவரைக்கும் சொன்னேன். இரண்டு பேரும் பொய்யென்று தெரிந்துகொண்டே. எங்களை இப்படி ஆக்கிவிட்டவர்களை மன்னிக்கச் சொல்லி எந்தக் கோவிலில் யார் பிரசங்கம் வைத்தாலும் நான் பாதியில் எழும்பி வந்துவிடுவேன்.

அவா போன பிறகு, கேட்க ஆள் இல்லாமற் போன பிறகு, அண்ணா எனக்கு உண்மையாகவே வரத் தொடங்கினார். வாரத்தில் ஒருநாள், சிலவேளை இரண்டு நாள். ஒன்றும் சொல்வதில்லை, வா என்று கூப்பிடுவதும் இல்லை. பழக்க தோஷம், நான் முதலில் உடுப்பைத்தான் பார்த்துவைக்கிறேன். போன கிழமை வந்தபோது மேலில் சேட்டு இல்லை. கை இரண்டும் பின்னால் கட்டப்பட்டிருந்தன. பெரியம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பா. வெள்ளைச் சேட்டு என்றுதான் நான் சொல்லியிருப்பேன்.